'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் என்ன சொல்வது?
இண்டர்வியூவில் நம் பிள்ளைகள் தடுமாறும் இடம்

வட்டிக் கணக்குக் கேட்டால் பதில் சொல்கிறார்கள். கம்ப்யூட்டரில் என்ன தெரியும் என்று கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் வேலை என்ன என்று கேட்டாலும் சமாளித்து விடுகிறார்கள். "உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்" என்று கேட்டால் மட்டும் மேஜையைப் பார்க்கிறார்கள்.

மும்பையில் தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில், செம்பூர், முலுண்டு என்று நம்மவர்கள் வாழும் பகுதிகளில், வேலைக்கு மனுப்போட்டு இண்டர்வியூ வரை போய்த் திரும்பிய இளைஞர்கள் சிலரைச் சந்தித்துப் பேசியபோது தெரிந்த விஷயம் இது. பாடத்தில் கேட்ட கேள்வியில் தோற்றதாகச் சொன்னவர்கள் குறைவு. முதல் கேள்வியிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது என்று சொன்னவர்கள்தான் அதிகம்.

அந்த முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "டெல் மீ அபவுட் யுவர்செல்ப்."

எங்கே உண்டு, எங்கே இல்லை

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்தி விடவேண்டும். எல்லா வேலைக்கும் இண்டர்வியூ உண்டு என்று இன்னமும் பல பெற்றோர்கள் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள்.

சிறிய உத்தியோகங்களுக்கு இண்டர்வியூ எதற்கு, அதில்தான் சிபாரிசும் பணமும் புகுந்து விடுகின்றன என்று 2015-ம் ஆண்டு சுதந்திர தின உரையில் பிரதமர் பேசினார். அதைத் தொடர்ந்து, 2016 ஜனவரி 1-ந் தேதி முதல் மத்திய அரசின் 'சி' பிரிவு வேலைகளுக்கும், கெஜட்டில் வராத 'பி' பிரிவு வேலைகளுக்கும் இண்டர்வியூ கிடையாது என்று ஆக்கப்பட்டது. ரயில்வே குமாஸ்தா, ஸ்டேஷன் மாஸ்டர் வேலைகளுக்கு ரயில்வே தேர்வு வாரியம் கம்ப்யூட்டர் மூலம் பரீட்சை வைக்கிறது. பதவிக்குத் தக்கபடி டைப்பிங் அல்லது திறன் சோதனை, பிறகு சர்ட்டிபிகேட் சரிபார்ப்பு, டாக்டர் பரிசோதனை. அவ்வளவுதான்.

ஆகவே, "ரயில்வே கிளார்க் வேலைக்கு இண்டர்வியூ. இத்தனை ஆயிரம் கட்டிவிட்டு வாருங்கள்" என்று யாராவது கடிதமோ போனில் செய்தியோ அனுப்பினால் அது மோசடி. இதைப் புக்கிங் ஆபீசில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் அழுத்திச் சொல்கிறேன். ரயில்வே முத்திரை போட்ட காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த இண்டர்வியூ எந்த ஆபீசில் நடக்கிறது?" என்று கவுண்டரில் வந்து விசாரிக்கும் தகப்பனாருக்கு உண்மையைச் சொல்வது சுலபமான காரியம் அல்ல.

முன்பு இண்டர்வியூ கார்டைக் காட்டினால் வேலையில்லாத இளைஞர்களுக்கு அரசாங்க வேலைக்கான பயணத்தில் டிக்கெட் சலுகை உண்டு. 2020 மார்ச்சில் கொரோனா காலத்தில் பல சலுகைகளோடு அதுவும் நிறுத்தப்பட்டது.

இண்டர்வியூ இருக்கும் இடங்கள் வேறு. வங்கி அதிகாரி வேலைக்கு ஐ.பி.பி.எஸ். நடத்தும் தேர்வில் இண்டர்வியூவுக்கு 100 மார்க். இறுதிப் பட்டியலில் மெயின் பரீட்சைக்கு 80 பங்கு, இண்டர்வியூவுக்கு 20 பங்கு. வங்கிக் குமாஸ்தாவுக்கு இண்டர்வியூ இல்லை. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். தேர்வில் மொத்தம் 2025 மார்க். அதில் 275 மார்க் டெல்லி ஷாஜகான் ரோட்டில் உள்ள தோல்பூர் ஹவுசில் நடக்கும் நேர்முகத்துக்கு. ராணுவ அதிகாரித் தேர்வு ஐந்து நாள் நடக்கிறது. இதெல்லாம் போக, தனியார் கம்பெனிகள். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் போய் நிற்பது அங்கேதான். அந்தேரி, மலாடு, ஐரோலி, பிவண்டி கிடங்குகள், ஓட்டல்கள், ஆஸ்பத்திரிகள், எங்கே போனாலும் ஒரு மேஜை, எதிரே ஒரு நாற்காலி, அந்த ஒரு கேள்வி.

இட்லிக் கணக்கு

தாராவியில் விடியற்காலையில் எழுந்து நடந்தவர்களுக்குத் தெரியும். சைக்கிளில் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, ஹாரனை அமுக்கிக்கொண்டு இட்லிக்காரர்கள் புறப்படுவார்கள். நகரத்தின் பல மூலைகளுக்கும் அங்கிருந்துதான் இட்லி போகிறது.

அப்படி வியாபாரம் செய்யும் ஒரு குடும்பத்துப் பையன். பி.காம். பாஸ். அந்தேரியில் ஒரு கம்பெனி கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுத்தது. இவனையும் கூப்பிட்டார்கள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார் அதிகாரி.

பையன் சொன்னது: பெயர், படித்த கல்லூரி, அப்பா பிசினஸ், அம்மா வீட்டில், ஒரு தங்கை, பொழுதுபோக்கு கிரிக்கெட். இருபது செகண்டில் முடிந்துவிட்டது. "வேறு?" என்றார் அதிகாரி. "அவ்வளவுதான் சார்" என்றான் இவன்.

ஆனால் அவ்வளவுதானா? ஒன்பதாம் வகுப்பு படிக்கிறபோதிலிருந்து வீட்டின் கணக்கு நோட்டு இவன் கையில். எத்தனை கிலோ அரிசி, எத்தனை கிலோ உளுந்து, தேங்காய் இன்று என்ன விலை, நாலு சைக்கிள்காரர்களில் யார் எத்தனை இட்லி எடுத்துப் போனார், மாலையில் யார் எவ்வளவு கொடுத்தார், எந்த ஆபீஸ் வாசலில் எவ்வளவு கடன் நிற்கிறது, எல்லாம் இவன் எழுதுவது. 2020 ஊரடங்கில் அடுப்பு அணைந்து கிடந்தபோது, நின்றுபோன பாக்கியைப் போனில் பேசிப் பேசிக் கொஞ்சம் கொஞ்சமாக வசூலித்து வீட்டுச் செலவை ஓட்டியதும் இவன்தான்.

கணக்குப் பிரிவுக்கு ஆள் தேடுகிறவர் கேட்க விரும்புவது இதைவிட வேறு என்ன இருக்க முடியும்?

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அதையெல்லாம் போய் இண்டர்வியூவில் சொல்வாங்களா அண்ணே?" என்றான்.

இந்தப் பதிலைத்தான் நான் பல வாரமாக யோசித்துக் கொண்டிருக்கிறேன். அவன் சோம்பேறி அல்ல, கூச்சக்காரனும் அல்ல. தெருவில் நாலு பேரை அதட்டிப் பணம் வசூலிக்கிறவன். ஆனால், வீட்டில் செய்தது வேலை ஆகாது, சம்பளச் சீட்டு வந்தால்தான் வேலை என்று அவன் மனதில் பதிந்திருக்கிறது. தையல் மிஷினில் உட்கார்ந்து அம்மாவுக்கு ஆர்டர் முடித்துக் கொடுக்கும் பெண், டியூஷன் எடுக்கும் பெண், தோல் பட்டறையில் மாமாவுக்குப் பதில் சரக்கு எண்ணிக் கொடுக்கும் பையன், எல்லோருக்கும் இதே எண்ணம். பயோடேட்டாவில் 'அனுபவம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதுகிறார்கள்.

'நான்' என்று சொல்லத் தயக்கம்

இன்னொரு காரணம் வளர்ப்பு. நம் வீடுகளில் பிள்ளை தன்னைப் பற்றிப் பேசினால், "ரொம்பப் பீத்திக்காதே" என்று வாயை அடைத்து விடுவோம். வந்த விருந்தாளி பிள்ளையிடம் "நீ நல்லாப் படிக்கிறியா?" என்று கேட்டால், பதில் சொல்வது அப்பா. "ஏதோ படிக்கிறான்" என்பார். முதல் மார்க் வாங்கியவனாக இருந்தாலும் 'ஏதோ'தான். பையன் கதவோரம் நின்று சிரிப்பான்.

இருபது வருஷம் இப்படி வளர்த்துவிட்டு, ஒரு நாள் காலையில் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி அனுப்பி, முன்பின் தெரியாத மூன்று பேர் முன்னால் தன்னைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசு என்றால் எப்படிப் பேசுவான்?

அதனால்தான் நம் பிள்ளைகள் எதைச் சொன்னாலும் 'நாங்கள்' என்று சொல்கிறார்கள். "நாங்கள் காலேஜில் ரத்ததான முகாம் நடத்தினோம்." சரி, அதில் நீ என்ன செய்தாய்? ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பேசியது யார்? பெயர் எழுதியது யார்? மழையில் ஆள் வராதபோது வீடு வீடாய்ப் போய்க் கூப்பிட்டது யார்? எதிரே இருப்பவருக்குத் தெரியவேண்டியது அதுதான். எல்லோரும் சேர்ந்து செய்ததை எல்லோரும் என்று சொல்லிவிட்டு, "அதில் என் பங்கு இது" என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் பெருமையடிப்பது ஆகாது. நடந்ததைச் சொல்வது வேறு, பீற்றிக்கொள்வது வேறு.

நிஜமான பீற்றல் எது தெரியுமா? "நான் கடின உழைப்பாளி, நேர்மையானவன், பொறுப்பானவன்" என்று பாடம் பண்ணிக்கொண்டு போவது. கோச்சிங் வகுப்புகளில் சொல்லிக் கொடுத்து, ஒரே நாளில் பத்துப் பேர் ஒரே வாக்கியத்தை ஒப்பிக்கிறார்கள். நேர்மையானவன் என்று தானே சொல்லிக்கொள்கிறவரை நம் ஊர்க் கடைத்தெருவிலேயே யாரும் நம்புவதில்லை. அதிகாரி மட்டும் நம்புவாரா?

ஆங்கில விஷயம் வேறு. 'மைசெல்ப்' என்று ஆரம்பித்துப் பெயரைச் சொல்லும் வழக்கத்தை விட்டுவிடலாம்; 'ஐ ஆம்' போதும். மற்றபடி சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினால் இலக்கணம் அவ்வளவாகக் காலை வாராது. நீள வாக்கியத்தில் இறங்கினவர்கள்தான் நடுவில் நின்று தவிக்கிறார்கள்.

உன் ஊர் எது?

மும்பைத் தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் உள்ள ஒரு சங்கடம் இது.

பிறந்தது சயான் ஆஸ்பத்திரி. படித்தது மாநகராட்சிப் பள்ளி. அந்தப் பள்ளியில் தமிழும் உண்டு, மராத்தியும் உண்டு. "நேட்டிவ் எது?" என்று கேட்டதும் வாயில் வருவது திருநெல்வேலி. உடனே அடுத்த கேள்வி: "ஓ, திருநெல்வேலியா? அங்கே என்ன விசேஷம்? கடைசியாக எப்போது போனீர்கள்?" கோயில் கொடைக்கு நாலு நாள் போய் வந்ததைத் தவிர பையனுக்கு ஒன்றும் தெரியாது. பெயர் சொல்லத் தெரிந்த ஊர் ஒன்று, வாழத் தெரிந்த ஊர் ஒன்று.

அதற்குப் பயந்து சிலர் மும்பை என்று மட்டும் சொல்கிறார்கள். "மும்பையில் எங்கே?" என்றால் 'சயான்' என்கிறார்கள், 'மாகிம்' என்கிறார்கள். தாராவி என்று சொன்னால் முகம் மாறிவிடுமோ என்ற பயம். இந்தப் பயத்தை வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். முகம் மாறுகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் விலாசம் பயோடேட்டாவில் இருக்கிறது, பின்கோடு இருக்கிறது. வாய் ஒன்று சொல்ல, காகிதம் ஒன்று சொன்னால், தாராவி என்பதற்காக அல்ல, மறைத்ததற்காக மார்க் போய்விடும்.

இதற்கு ஒரு பெண் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. வங்கி அதிகாரித் தேர்வு எழுதியவள். "என் தாத்தா திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தார். நான் பிறந்து வளர்ந்தது தாராவி. வீட்டில் தமிழ் பேசுவேன், தெருவில் இந்தி, பள்ளித் தோழிகளோடு மராத்தி, உங்களோடு ஆங்கிலம்" என்று சொன்னாளாம். போர்டில் இருந்த ஒருவர் உடனே மராத்தியில் ஒரு கேள்வி கேட்டார். இவள் மராத்தியிலேயே பதில் சொன்னாள். அதற்குப் பிறகு பேச்சு சகஜமாகப் போயிற்று என்றாள்.

நாலு பாஷை! மற்றவர்கள் பணம் கட்டி வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொள்வதை நம் பிள்ளைகள் குழாயடியிலேயே கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் பயோடேட்டாவில் அதைக் கடைசி வரியில், பிறந்த தேதிக்குப் பக்கத்தில் ஒளித்து வைக்கிறார்கள். கல்லாவில் உட்கார்ந்து வாடிக்கையாளரிடம் பேசவேண்டிய எந்த வேலைக்கும் அது முதல் வரியில் வரவேண்டிய தகுதி.

பழைய தலைமுறை டைப்பும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு மாதுங்காவில் வந்து இறங்கியது. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-லேயே இங்கே ஏற்பட்டுவிட்டது. அந்தக் காலத்தில் ஷார்ட்ஹேண்ட் நோட்டை நீட்டினால் போதும், விரல் பதில் சொல்லிவிடும். இப்போது வாய்தான் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

எழுதிப் பார்த்தால் என்ன?

ராணுவ அதிகாரித் தேர்வில் ஒரு பகுதி உண்டு. அப்பா அம்மா உன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், ஆசிரியர் என்ன நினைக்கிறார், நண்பர்கள் என்ன நினைக்கிறார்கள், நீ உன்னை என்ன நினைக்கிறாய், எப்படி ஆக விரும்புகிறாய் என்று ஐந்து பாராவாக 15 நிமிஷத்தில் எழுதவேண்டும்.

ராணுவத்துக்குப் போகாதவர்களும் இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பார்க்கலாம். தமிழிலேயே எழுதலாம். எழுதும்முன் அம்மாவிடம் நிஜமாகவே கேட்டுவிட வேண்டும். நாம் எதிர்பார்க்காததை அம்மா சொல்வார். "நீ சொன்ன நேரத்துக்கு வருவே, ஆனா யார்கிட்டயும் உதவி கேக்க மாட்டே" என்று ஒரு தாய் சொன்னார். பலம் என்ன, பலவீனம் என்ன என்று கேட்கும் இரண்டு கேள்விக்கும் அந்த ஒரு வரியில் பதில் இருக்கிறது. பலவீனம் கேட்டால் "அதிகமாக உழைப்பதுதான் என் பலவீனம்" என்று சொல்லிச் சிரிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பிறகு அதை இரண்டு நிமிஷத்துக்குச் சுருக்கலாம். இப்போது என்ன செய்கிறேன், இதற்குமுன் செய்த எந்தக் காரியம் இந்த வேலைக்கு உதவும், ஏன் இந்த வேலைக்கு வந்தேன். குடும்ப விவரம் கேட்டால் சொன்னால் போதும். தங்கை எந்த வகுப்பு என்பது கம்பெனிக்குத் தேவையில்லை. மனப்பாடம் செய்யவேண்டாம், நடந்த சம்பவம் மனப்பாடம் இல்லாமலே வரும். நோட்டில் கடன் எழுதியவனுக்கு அந்தக் கடன் மறக்குமா?

சொன்ன எதையும் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி வரும் என்பதை மறக்கக்கூடாது. ஐ.ஏ.எஸ். தேர்வின் நேர்முகம் குறுக்கு விசாரணை அல்ல, நோக்கத்தோடு நடத்தப்படும் இயல்பான உரையாடல் என்றுதான் தேர்வாணைய விதிகளே சொல்கின்றன. மனுவில் பொழுதுபோக்கு 'புத்தகம் படித்தல்' என்று எழுதினால், கடைசியாகப் படித்த புத்தகம் எது என்பார்கள். படிக்காதவர்கள் எழுதாமல் இருப்பதே நல்லது. அந்தத் தேர்வில் நேர்முகத்தைத் தமிழில் நடத்தக் கேட்கவும் வழி இருக்கிறது, மொழிபெயர்ப்பாளர் இருப்பார்.

இடைவெளியும் கல்யாணமும்

"இரண்டு வருஷம் என்ன செய்தீர்கள்?" என்ற கேள்விக்குப் பலர் நடுங்குகிறார்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கடையைப் பார்த்துக்கொண்டேன் என்றால் அது குற்றமா? நேராகச் சொல்லிவிட்டு, இப்போது நிலைமை என்ன என்பதையும் சொல்லிவிடவேண்டும். போலி அனுபவ சர்ட்டிபிகேட் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. கம்பெனிகள் இப்போது விசாரிக்கின்றன.

பெண்களிடம் "எப்போது கல்யாணம்? கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்கு வருவீர்களா?" என்று கேட்கிறார்கள். பையனிடம் இதைக் கேட்பதாகத் தெரியவில்லை. வேலைக்கு எடுப்பதிலேயே பெண் என்பதற்காக வேறுபாடு காட்டக்கூடாது என்று 1976-ம் ஆண்டு சம ஊதியச் சட்டம் சொன்னது. 2019-ம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் சொல்கிறது. அறைக்குள் உட்கார்ந்து சட்டம் பேச முடியாதுதான். "இந்த வேலையின் நேரமும் பொறுப்பும் தெரிந்துதான் வந்திருக்கிறேன், தொடர்ந்து செய்வேன்" என்று வேலையை மட்டும் பேசி நிறுத்திக்கொண்ட பெண்கள் இருக்கிறார்கள். அது போதும்.

இவ்வளவு சொன்னாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இப்படி மனம் போனபடி பேசவைத்து ஆளை எடை போடுவது அப்படியொன்றும் சரியான தராசு அல்ல. ஷ்மிட், ஹன்டர் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 85 ஆண்டு ஆராய்ச்சிகளைத் திரட்டி 1998-ல் வெளியிட்டார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே முறையில் கேட்டு மார்க் போடும் இண்டர்வியூதான், பொதுவாகப் பேசிப் பார்க்கும் இண்டர்வியூவைவிட ஆளைச் சரியாகக் கணிக்கிறது என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். நன்றாகப் பேசுகிறவன் நன்றாக வேலை செய்வான் என்று இல்லை. நம் பக்கத்தில் பேச்சு வராத நல்ல வேலைக்காரர்கள் எத்தனையோ பேர். ஆனால் தராசு கடைக்காரர் கையில் இருக்கிறது.

இட்லிக் கணக்குப் பையன் அடுத்த இண்டர்வியூவில் நோட்டைப் பற்றிச் சொன்னான். அதிகாரி பத்து நிமிஷம் பாக்கி வசூலைப் பற்றியே கேட்டாராம். வேலை வேறொருவருக்குப் போயிற்று. அதற்கு அடுத்ததாக பிவண்டியில் ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு எழுத எடுத்துக்கொண்டார்கள். காலையில் இன்னமும் இட்லிக் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறுகிறான்.

கடைசியாக, "எங்களிடம் ஏதாவது கேட்கவேண்டுமா?" என்பார்கள். "ஒன்றுமில்லை சார்" என்று எழுந்து விடவேண்டாம். என்ன வேலை, யாருக்குக் கீழே, ஷிப்ட் எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்கலாம். சுமார் இரவு ஒரு மணிக்குப் பிறகு விடியற்காலை நாலு மணி வரை லோக்கல் ரயில் கிடையாது. ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிந்தால் கம்பெனி வண்டி உண்டா என்பதை, குறிப்பாகப் பெண்கள், அங்கேயே கேட்டுத் தெரிந்துகொண்டு வரவேண்டும்.